பத்துக்கு எத்தனை

ஜனவரி 26, ஞாயிறு
வலி: 1. தூக்கம்: நன்று.

நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் உழைக்குமாம். எனக்கு அறுபத்தாறு வயது. மூட்டு என்னைவிடக் கெட்டி என்பதை டாக்டர் மரியாதையாகச் சொன்னார்.

வலியையும் தூக்கத்தையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லி அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எறும்பால்தான் எழுத முடியும். நான் முப்பத்து மூன்று வருடம் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எழுதாத வருகைப் பதிவேடு ஒன்று பெட்டியில் கிடந்தது, அதில் எழுதுகிறேன்.

விழுந்த விதத்தையும் எழுதி வைக்கிறேன், பாளையங்கோட்டையில் ஆளுக்கொன்று சொல்லித் திரிகிறார்கள். குளியலறையில் வழுக்கவில்லை. பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் விளையாட்டுப் போட்டி. கரண்டிக் காம்பை வாயில் கவ்வி, எலுமிச்சம்பழம் விழாமல் நடக்க வேண்டும். நான் நடுவர். ஒருத்திக்காவது தலையை நேராக வைக்கத் தெரியவில்லை. பொறுக்காமல் நடந்து காட்டினேன். தரையில் யாரோ பானகம் சிந்தியிருந்தார்கள். கீழே விழுந்தும் கரண்டியை நான் விடவில்லை. பழம் மட்டும் தனியாக உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. இதற்கு மூன்று பேர் சாட்சி.

ஜனவரி 27, திங்கள்
வலி: 1. தூக்கம்: நன்று.

இரவு சீலிங் ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கணக்கெடுத்தேன். தூக்கத்தில்தான்.

ஜனவரி 29, புதன்
வலி: 1.

உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஆல்ட்ரின் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், தாடி, முதுகில் பை. நடுக்கூடத்தில் தொங்கும் காலண்டரை எடுத்து ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் ஒரு வட்டம் போட்டார்.

"டீச்சர், தினமும் காலைல இந்த வட்டத்துல ஒரு நம்பர் எழுதுங்க. வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து. இதப் பாத்துத்தான் நான் எக்சர்சைஸ் கூட்டுவேன், டாக்டர் மாத்திரைய மாத்துவாரு. இப்ப பத்துக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"ஆபரேஷன் முடிஞ்சு ஒம்பது நாள்தான் ஆகுது டீச்சர்."

"அப்ப ஒன்றரை."

என் கணவர் ஞானசிகாமணி வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தபால் துறையில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பைக்கூட முகவரி பார்த்துத்தான் வெளியே விடுவார்.

வலிக்கு மதிப்பெண் போடுவதெல்லாம் எனக்குப் புதிது. என் பள்ளியில் வலி என்றால் அது பி.டி. பீரியடில் மட்டும் வரும் நோய். வேப்ப மரத்தடியில் வரிசையாக நிற்பார்கள், ஆளுக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம், ஆளுக்கு ஒரு வயிற்றுவலி. மணி அடித்ததும் அதே வயிறுகள் ஐஸ் வண்டிக்கு ஓடும். ஒரு நாளைக்கு இரண்டு விண்ணப்பத்துக்கு மேல் நான் வாங்கியதில்லை. மற்றதெல்லாம் சாக்கு. இப்போதும் அதே அபிப்பிராயம்தான்.

ஜனவரி 31, வெள்ளி
வலி: 1.

கழிப்பறை இருக்கைக்கு மேல் வைக்க உயரமான இன்னொரு இருக்கை வந்திருக்கிறது. அரியணை மாதிரி இருக்கிறது. இதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு
வலி: 2.

தூங்குவதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மல்லாந்து மட்டும் படுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் பெரிய தலையணை. காலைக் குறுக்கே போடக் கூடாது, குனியக் கூடாது, நாலு மணிக்கு மேல் டீ கூடாது. நான் பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தவள். மல்லாந்து படுத்தால் யாரோ மாலை போட வருவார்கள் என்று தோன்றுகிறது.

இவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார். சர்ச்சுக்குப் போய் வந்ததும் பாஸ்டர் எனக்காக ஜெபித்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"புஷ்பம், ராத்திரி தூங்குனியா?"

"நல்லாத் தூங்கினேன்."

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்னு எண்ணுன மாதிரி கேட்டுச்சே."

"கனவுல டிரில் நடந்துச்சு."

மாத்திரை விஷயம். வலி மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று கொடுத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து அரையை விழுங்கிவிட்டு மீதி அரையை இறகுப்பந்து வைக்கும் குழாய்க்குள் போட்டு வைக்கிறேன். குழாய் தலைமாட்டிலேயே இருக்கிறது. என் பிள்ளைகளை மாநிலப் போட்டி வரை கூட்டிப் போனவள் நான். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவளைத் தகுதி நீக்கம் செய்வார்கள். மாத்திரை போட்டு நடந்தால் நடப்பது மாத்திரைதானே, நானா?

பிப்ரவரி 4, செவ்வாய்
வலி: 2.

மதியம் மூன்று மணிக்கு பேச்சித்தாய் வந்தாள். வந்தார் என்று எழுத வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளிக்குப் போன ஜூனில் தலைமையாசிரியையாக வந்திருக்கிறார். என்னிடம் படித்தவள்தான். தொண்ணூற்றொன்றில் ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.

ஒரு டஜன் ஆரஞ்சும் அழைப்பிதழும் கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், "இருக்கட்டும் டீச்சர்" என்று நின்றுகொண்டே பேசினாள்.

"இருபத்தெட்டாந் தேதி ஸ்போர்ட்ஸ் டே டீச்சர். நீங்கதான் வந்து மார்ச் பாஸ்ட் சல்யூட் வாங்கணும்."

"மேடைல நின்னா போதுமா?"

"கிரவுண்டச் சுத்தி வந்து பிள்ளைகளப் பார்வையிடணும். ஒரு ரவுண்டு. உங்களால முடியுமான்னுதான்..."

"ஒண்ணு என்ன, ரெண்டு ரவுண்டு வாரேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "சந்தோஷம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டாள்.

வாக்கர் இல்லாமல், கைத்தடி இல்லாமல், நிமிர்ந்து ஒரு ரவுண்டு. இருபத்து நாலு நாள் இருக்கிறது. வேறு யார் முன்னால் நொண்டினாலும் நொண்டுவேன். பேச்சித்தாய் முன்னால் நொண்ட மாட்டேன்.

ஏன் என்பதை எழுத இந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

பிப்ரவரி 5, புதன்
வலி: 2. தூக்கம்: ஆரஞ்சுப் பழம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

காலண்டர் வட்டத்தில் 2 எழுதினேன். ஆல்ட்ரின் காலைப் பக்கவாட்டில் பத்து முறை நீட்டச் சொன்னார். அவர் போனதும் இன்னும் இருபது முறை நீட்டினேன். பத்து என்பது சாதாரண நோயாளிக்கு. எனக்கு முப்பது. மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் மும்மடங்கு.

பயிற்சி முடிந்ததும் ஐஸ் ஒத்தடம் வைக்க வேண்டும். இவர் ஐஸ் பையை வைத்துவிட்டு பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காருவார். இருபது நிமிடம். பத்தொன்பதில் எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டார்.

"ஏன் இப்படி வேர்த்திருக்கு உனக்கு?"

"ஐஸ் உருகுது."

"ஐஸ் இடுப்புல இருக்கு. நெத்தியில எப்படி உருகும்?"

நாற்பது வருடமாக இல்லாத புத்திக்கூர்மை இப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நானே தோண்டின குழி. காலண்டரில் தொடர்ந்து 2 இருப்பதைப் பார்த்த ஆல்ட்ரின் நேற்று டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "டீச்சருக்கு வில் பவர். ராத்திரி மாத்திரைய நிறுத்திடலாம்" என்றாராம். அந்த மாத்திரையில் பாதியாவது எனக்குள் போய்க்கொண்டிருந்தது.

போகட்டும், குழாயில் அரை அரையாகச் சேமித்து வைத்திருக்கிறோமே, ஒரு நாள் மட்டும் அதிலிருந்து இரண்டு அரை எடுத்துக்கொள்ளலாம், அது தோல்வியாகாது என்று முடிவு செய்து தலைமாட்டைத் தடவினேன். குழாய் இல்லை.

"இங்க இருந்த ஷட்டில் டியூப் எங்க?"

"வீடு தூத்தேன்ல, ஒன் விளையாட்டுச் சாமானையெல்லாம் சேத்து பரண்ல போட்டுட்டேன். இப்ப எதுக்கு? யார்கூட ஆடப் போற?"

பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மல்லாந்து படுப்பதில் ஒரே ஒரு வசதி, பரண் நன்றாகத் தெரிகிறது.

பிப்ரவரி 10, திங்கள்
காலண்டருக்கு: 2. இங்கே: 6. தூக்கம்: ஒரு மணி நேரம், அதுவும் பால்காரர் வந்த பிறகு.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு இவர் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். நடுக்கூடத்தில் யாரும் இல்லை. வாக்கரைச் சுவரோரம் நிறுத்தினேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், ஒரு தைரியத்துக்கு. அட்டென்ஷன். லெஃப்ட், ரைட். பதினொரு அடி. நிமிர்ந்த தலை, நேர்ப்பார்வை. பதினொன்றாவது அடியில் இடுப்புக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியது போல் இருந்தது. எதிரில் ஃபிரிட்ஜ் இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பிப் போக முடியவில்லை. வாக்கர் பதினொரு அடி தூரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. விசில் ஊதலாம். ஊதினால் மாடிவீட்டு மரகதம் வருவாள், மரகதம் வந்தால் மாலைக்குள் பாளையங்கோட்டை முழுக்கத் தெரியும். ஊதவில்லை.

அப்படியே நாற்பது நிமிடம் நின்றேன். எவ்வளவு நேரம்தான் ஃபிரிட்ஜின் வெளிப்பக்கத்தையே பார்ப்பது? திறந்தேன். கறிவேப்பிலை டப்பா கைக்கு எட்டியது. கறிவேப்பிலைக்கு அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய பொட்டலம். கால் கிலோ அல்வா. ஓரத்தில் விரலால் கிள்ளிய அடையாளம். இவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது.

இவர் மீன் பையோடு உள்ளே வந்தபோது நான் ஒரு கையால் ஃபிரிட்ஜையும் மறு கையால் அல்வாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது என்னது?" என்றேன்.

"அது அல்வா. நீ இங்கன என்ன பண்ணுத?"

"அல்வாவத் தேடித்தான் வந்தேன்."

"வாக்கர் இல்லாமயா?"

"வாக்கர் சத்தம் கேட்டா அல்வா ஓடிப்போயிருமே."

அவர் சிரிக்கவில்லை. மீன் பையைத் தரையில் போட்டுவிட்டு வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். படுக்கையில் போட்ட பிறகு பார்த்தால் தொடை வீங்கியிருந்தது.

பிப்ரவரி 15, சனி

நேற்று ஆம்புலன்ஸில் போய் எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டு நகரவில்லை. தசையைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன் என்று டாக்டர் திட்டினார். மார்ச் வரை வாக்கர், அதற்கப்புறம் கைத்தடி. மைதானத்தைச் சுற்றி வருவதா, மூச்சு விடக் கூடாது என்றார். "வலி ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே, ரெண்டுல எப்படி இவ்வளவு வீங்கும்?" என்று கேட்டதற்கு நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்று ஆல்ட்ரின் வந்தார். பயிற்சியெல்லாம் நிறுத்தம், முழங்கால்களுக்கு நடுவில் மிருதுவான பந்து வைத்து மெல்ல அழுத்தினால் போதும், பந்து இருக்கிறதா என்று கேட்டார். பி.டி. டீச்சர் வீட்டில் பந்துக்கா பஞ்சம்? இவர் ஏணி போட்டுப் பரணிலிருந்து என் பையை இறக்கினார். நான் "வேண்டாம், தலையணையே போதும்" என்று மூன்று முறை சொன்னேன். யார் கேட்டார்கள்? பந்தை எடுக்கும்போது ஷட்டில் டியூப் கூடவே வந்தது. இறகுப்பந்து இருந்தால் அப்படிச் சலசலக்காது.

மேசையில் கொட்டினார். கடிதம் பிரித்த கை அல்லவா, மாத்திரைகளைப் பத்துப் பத்தாக வரிசை கட்டினார். இரண்டு வரிசையும் இன்னும் மூன்றும். எல்லாம் அரை.

ஆல்ட்ரின் கிளம்புகிறேன் என்று மெல்ல நழுவிவிட்டார். நான் ஊக்கமருந்து, தகுதி நீக்கம் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் இவர் என்னை இடைமறித்தது இதுதான் முதல் தடவை.

"ராத்திரி பூரா ஒன், டூ, த்ரீ, ஃபோர்னு எண்ணுத. வலி கூடுனா வேகமா எண்ணுத. டிரில்லுன்னு சொல்லுத. நானும் கூடவே முழிச்சுக் கெடக்கேன் புஷ்பம். நீ நிறுத்துனாத்தான் எனக்குக் கண்ணு அசரும். ஒனக்கு வலிக்கதுக்கு யார்ட்ட அனுமதி வாங்கணும்? சொல்லு, நான் போய் வாங்கிட்டு வாரேன்."

கேட்டுவிட்டு ஐஸ் பையை எடுக்கப் போனார். நான் அழுதேன். அழுதேன் என்றே எழுதுகிறேன், சளி என்று எழுத இனி மனசில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர் சர்ச்சுக்குப் போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

1991, ஆகஸ்ட். 9-பி பேச்சித்தாய் வேப்ப மரத்தடியில் மூன்றாவதாக நின்றாள். இரண்டு பேரின் விண்ணப்பத்தை வாங்கியாயிற்று, இவள் மூன்றாவது. கையில் தாள், வயிற்றில் கை. நான் தாளை வாங்கினேன். படிக்கவில்லை. நாலாக மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "ரெண்டு ரவுண்டு ஓடுட்டி, வயித்துவலி தானா ஓடிரும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஓடினாள். முதல் ரவுண்டு முழுசாக ஓடினாள். இரண்டாவதில் தண்ணீர்த் தொட்டி வரை வந்து உட்கார்ந்தாள். நான் விசில் ஊதினேன். எழுந்திருக்கவில்லை. குடல்வால் வெடித்துவிட்டது என்று சாயங்காலம் சொன்னார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. மாவட்டப் போட்டி இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். போட்டி இருந்தது உண்மைதான். ஆஸ்பத்திரி மைதானத்துக்கு எதிரில் இருந்ததும் உண்மைதான்.

அவள் திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து "குட் மார்னிங் டீச்சர்" என்றாள். நான் "ம்" என்றேன். முப்பத்து மூன்று வருடமாக விஷயம் அந்த "ம்"மோடு நிற்கிறது.

அவள் முன்னால் நொண்டினால், வலி என்று ஒன்று உண்டு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அதற்குத்தான் பதினொரு அடி.

பிப்ரவரி 17, திங்கள்
வலி: 7.

காலண்டரிலும் 7 என்றே எழுதினேன். ஆல்ட்ரின் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏழா டீச்சர்?"

"ஏழரை. ரவுண்டா எழுதியிருக்கேன்."

"அப்பாடா" என்றார். ஒருத்திக்கு ஏழு வலி இருப்பதில் மனுஷனுக்கு இவ்வளவு நிம்மதியா? உடனே டாக்டருக்குப் போன் போட்டார். ராத்திரி மாத்திரை திரும்ப வந்தது, முழுசாக. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்று போட வேண்டுமாம். வலி முற்றிய பிறகு போடுவதைவிட முன்னாலேயே போட்டால் குறைவாகப் போதும் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். முதல் நாளே சொன்னாராம். நான் அப்போது விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேனாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்
வலி: 6. தூக்கம்: ஐந்து மணி நேரம். பொய்யில்லை. இவர் ஆறரை மணி நேரம்.

பிப்ரவரி 19, புதன்
வலி: 5.

விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கிறேன், நிராகரித்திருக்கிறேன், ஒன்றுகூட எழுதியதில்லை. முறை தெரியாமல் நாலு தாள் கிழித்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து "மொதல்ல அனுப்புநர், அப்புறம் பெறுநர்" என்று சொல்லிக் கொடுத்தார். முகவரி விஷயத்தில் மனுஷனை அசைக்க முடியாது. நகலை இங்கே எழுதுகிறேன்.

அனுப்புநர்: த. தங்கபுஷ்பம், உடற்கல்வி ஆசிரியை (ஓய்வு).
பெறுநர்: தலைமையாசிரியை அவர்கள்.
மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். எனக்கு இடுப்பில் வலி இருப்பதால், 28ஆம் தேதி மைதானத்தைச் சுற்றி நடக்க இயலாது. வாக்கர் இல்லாமல் நிற்கவும் இயலாது. ஆகையால் அணிவகுப்பிலிருந்து எனக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வலி உண்மையானது. 1991இல் தாங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்ததும் உண்மையானது. நான் அதைப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. போட்டி காரணமல்ல, பயம். மன்னிக்க வேண்டும்.
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தங்கபுஷ்பம்.

கீழ்ப்படிதலுள்ள என்பதற்குப் பிறகு மாணவி என்று போடுவது வழக்கம். எனக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். "பெற்றோர் கையெழுத்து இல்லாம செல்லாது" என்று இவர் பேனாவை வாங்கி அடியில் பாதுகாவலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளி எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கையில் கொண்டு போய்க் கொடுக்கச் சொன்னேன். கேட்கவில்லை. "முக்கியமான கடுதாசி. ரிஜிஸ்டர் தபால்தான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பிப்ரவரி 22, சனி
வலி: 4.

ஒப்புகை அட்டை வந்தது. அவள் கையெழுத்து மட்டும் இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. "கடுதாசி சேந்துருச்சுல்லா, தபால் துறை வேலை முடிஞ்சுது" என்கிறார் இவர். தூக்கம் நாலு மணி நேரம். மாத்திரையின் குற்றமில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்
வலி: 4.

பதினொரு மணிக்குத் தபால்காரர் உறை ஒன்று கொடுத்தார். உள்ளே என் விண்ணப்பமேதான் இருந்தது. நாலாக மடித்திருந்தது.

சரிதான், எனக்கு வேண்டியதுதான், அதே மடிப்பு என்று நினைத்தேன். இவர்தான் "பிரிச்சுப் பாரு, மடிப்பப் பாத்தே முடிவு பண்ணாத" என்றார். பிரித்தேன். ஓரத்தில் தலைமையாசிரியைகளுக்கே உரிய பச்சை மையில் எழுதியிருந்தாள்.

"படித்தேன்.

விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. நடக்க வேண்டாம், உயரமான நாற்காலி ஏற்பாடு செய்யப்படும். உட்கார்ந்தபடி சல்யூட் வாங்கவும். விசில் கட்டாயம் கொண்டு வரவும்."

நீளமான வரிகளை ஒரு தடவைதான் படித்தேன். முதல் சொல்லை எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி
வலி: காலை 4, மைதானத்தில் 6, இப்போது 5.

ஆட்டோவில் போனேன். வாக்கரோடு போனேன். முப்பது அடி நடந்திருப்பேன், முப்பதும் நொண்டல். பிள்ளைகள் கை தட்டினார்கள். இதற்கா தட்டுவார்கள் என்று எரிச்சலாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நாற்காலிக்கு அடியில் நாலு செங்கல் கொடுத்துப் பேச்சித்தாய் உயர்த்தியிருந்தாள். இடுப்பு எவ்வளவு மடங்கலாம் என்று, இவரிடம் நம்பர் வாங்கி, ஆல்ட்ரினிடம் போன் போட்டு அளவு கேட்டிருக்கிறாள். அணிவகுப்பு வந்தது. சிவப்பு அணியில் மூன்றாவது வரிசைக்குக் கை ஒத்து வரவில்லை. விசில் ஊதித் திருத்தினேன். விடுப்பில் இருக்கிறவள் ஊதக் கூடாதுதான். கை கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு பேச்சித்தாய் என் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த முறை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீர்த் தொட்டி எதிரிலேயே இருந்தது. இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தோம்.

"அன்னைக்கு எத்தன இருந்துச்சும்மா?" என்று கேட்டேன். "பத்துக்கு."

அவள் யோசித்தாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"மொத ரவுண்டுல ஒம்பது டீச்சர். ரெண்டாவது ரவுண்டுல பதினொண்ணு."

"பத்துக்கு மேல கிடையாதும்மா."

"இருந்துச்சு டீச்சர்."

"சரி" என்றேன். "பதினொண்ணு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இப்ப சைபர்தான் டீச்சர். ஆனா இன்னைக்கு நீங்க ஓடச் சொன்னா ஓட மாட்டேன்" என்றாள்.

"ஓடாத" என்றேன். என் வாழ்நாளில் ஒரு மாணவியிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 1, சனி
வலி: 3. தூக்கம்: எட்டு மணி நேரம்.

மல்லாந்து படுத்தேன், தலையணையை நடுவில் வைத்தேன், முழு மாத்திரை போட்டேன். கண்ணை மூடினதுதான் தெரியும். ஒரு எண்கூட எண்ணவில்லை.

இவர் கண் சிவந்துபோய் காப்பி கொண்டு வந்தார். சத்தமே இல்லாமல் படுத்திருந்தேனா, பயந்துபோய் நாலு தடவை எழுந்து வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம். ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூக்கம் இல்லையாம். இன்றைக்குப் படுத்ததும் நாலு வரைக்குமாவது எண்ணிவிட்டுத் தூங்கச் சொல்கிறார்.